பட்டறைக் கேள்வி பதில்: டூல் இப்போ எங்கே நிற்கிறது?

போன மாதம் வி.எம்.சி. மெஷினைப் பற்றி, அதாவது ப்ரோகிராம் சொல்கிறபடி தானாக உலோகம் வெட்டுகிற மில்லிங் மெஷினைப் பற்றி, ஒரே ஒரு பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சப்பை நிறைய. அதனால் இந்த மாதம் முழுக்க அந்தச் சங்கதிதான். கிரைண்டர் பெல்ட், மோட்டார் காயில் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஜி, எம் என்று தொடங்குவது மெஷினுக்கான கட்டளை; எக்ஸ், ஒய், இசட் நகர்கிற திசை. இதெல்லாம் மெஷினில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே படிக்கத் தோதாகத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. செட்டர் அண்ணன் ஜி கோடு பட்டியல் ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். நூறு கோடு இருக்கும் போல. எதில் ஆரம்பிப்பது அக்கா?
– வாசகர், அன்னூர்

அந்தப் பட்டியலை மடித்து டூல் பாக்ஸில் வையுங்கள் தம்பி. பிறகு வேண்டியிருக்கும், இப்போது வேண்டாம். டூலை நகர்த்துவதற்கு நாலே நாலுதான்: ஜி0, ஜி1, ஜி2, ஜி3. இந்த நாலும் கைக்குப் பழகாமல் ஐந்தாவதைத் தொட வேண்டாம்.

நான் 1994இல் காங்கேயம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோயம்புத்தூர் வந்தபோது பம்பு இம்பெல்லருக்கு அரம் போட்டுப் பிசிறு எடுக்கிற வேலைதான் கிடைத்தது. பக்கத்தில் ஒரு மெஷின் தானாக ஓடிக்கொண்டிருக்கும். கதவுக் கண்ணாடி வழியாக வேடிக்கை பார்ப்பேன். எக்ஸ் பிளஸ் என்றால் டூல் வலது பக்கம் போகும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பார்த்தால் டேபிள் இடது பக்கம் ஓடுகிறது! ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்களுக்கும் இந்தக் குழப்பம் வரும். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் புளியமரம் பின்னால் ஓடுகிற மாதிரிதான் இது. நகர்வது டேபிளாகவே இருந்தாலும், டூல்தான் நகர்கிறது, ஜாப் (வெட்டப்படுகிற பொருள்) அசையாமல் கிடக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் ப்ரோகிராம் எழுதுவார்கள். எக்ஸ் இடவலம். ஒய் நமக்கு எட்டப் போவதும் கிட்ட வருவதும். இசட் மேலே கீழே. இசட் மைனஸ் என்றால் டூல் ஜாப்புக்குள் இறங்குகிறது என்று அர்த்தம்.

சரி, முதல் இரண்டைப் பார்ப்போம். ஜி0 என்பது ரேப்பிட், வெறும் நடை. எதையும் வெட்டாமல் மெஷின் தன்னால் முடிந்த முழு வேகத்தில் போய் நிற்கும். எங்கள் மெஷினில் அது நிமிடத்துக்கு 24 மீட்டர், அதாவது ஒரு வினாடிக்கு 40 சென்டிமீட்டர். கண்ணை மூடித் திறப்பதற்குள் வைஸ் (ஜாப்பைப் பிடிக்கிற இடுக்கி) மேல் ஏறி உட்கார்ந்துவிடும். ஜி1 என்பது வெட்டுகிற நடை. நேர்கோட்டில், நாம் எஃப் போட்டுச் சொன்ன வேகத்தில் மட்டும் போகும்.

ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதுகிறேன். 80க்கு 50 மி.மீ. அலுமினியத் தகடு, 6 மி.மீ. ஸ்லாட் டிரில் (பள்ளம் வெட்டுகிற டூல்). விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி, 1 மி.மீ. ஆழத்தில் ஒரு செவ்வகக் காடி. ஜீரோ என்பது தகட்டின் இடது கீழ் மூலை, மேல் பரப்பு.

ஜி21 ஜி17 ஜி90 ஜி54
எஸ்2500 எம்3
ஜி0 எக்ஸ்10. ஒய்10.
ஜி43 எச்1 இசட்50.
இசட்2.
ஜி1 இசட்-1. எஃப்100
ஒய்40. எஃப்300
எக்ஸ்70.
ஒய்10.
எக்ஸ்10.
ஜி0 இசட்50.
எம்5
எம்30

முதல் வரி நாம் நிற்கிற இடத்தைச் சொல்கிற வரி: அளவு மி.மீ.யில், வளைவு வந்தால் எக்ஸ் ஒய் தளத்தில், கணக்கு ஜீரோவிலிருந்து, அந்த ஜீரோ ஜி54இல் நாம் எடுத்து வைத்தது. எம்3 ஸ்பிண்டிலை (டூலைப் பிடித்துச் சுற்றுகிற தண்டு) எஸ் சொன்ன வேகத்தில் சுற்ற விடுகிறது, எம்5 நிறுத்துகிறது, எம்30 ப்ரோகிராமை முடிக்கிறது. ஜி43 டூலின் நீளத்தைக் கணக்கில் எடுக்கிறது, அந்த நீளம் எந்த எண்ணில் பதிந்திருக்கிறது என்பது எச். அதன் பிறகு பாருங்கள், ‘ஒய்40.’ என்ற வரியில் ஜி1 இல்லை. அடுத்த மூன்று வரியிலும் இல்லை. எழுத மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? ஜி1 என்று ஒருமுறை சொல்லிவிட்டால் வேறு சொல்கிற வரைக்கும் மெஷின் ஜி1லேயேதான் இருக்கும். இதை மோடல் என்பார்கள். மாமியார் மாதிரி, ஒருமுறை சொன்னது மறக்கவே மறக்காது. (என் மாமியார் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை.)

இந்தப் பதின்மூன்று வரியையும் கிராஃப் நோட்டில் பென்சிலால் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்து, ‘டூல் இப்போ எங்கே நிற்கிறது, இசட் எவ்வளவில் இருக்கிறது, ஜி0வா ஜி1ஆ’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அப்புறம் செட்டர் அண்ணனிடம் கேட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலெட்டில் (டூலைக் கவ்வுகிற பிடி) டூலுக்குப் பதில் ஒரு ஸ்கெட்ச் பேனாவை மாட்டுங்கள். அடியில் ரப்பர் ஷீட், அதன் மேல் பேப்பர். பேனா முனைக்குத் தகுந்த மாதிரி டூல் நீளத்தை மறுபடி எடுக்க வேண்டும். எம்3 வரியைக் கட்டாயம் தூக்கிவிடுங்கள். பேனா சுற்றினால் மை சட்டையில் இருக்கும். மெஷின் உங்கள் செவ்வகத்தை வரைந்து காட்டும். என் முதல் செவ்வகம் ஒரு மூலை திறந்தே கிடந்தது. கடைசி எக்ஸ்10. வரியை எழுதவில்லை.

கேள்வி: ஜி0வில் டூல் குறுக்கே நேராகத்தானே போகும்? எங்கள் மெஷினில் கோணலாகப் போய்த் திரும்புகிறது. பழுதா?
– வாசகர், பெருந்துறை

பழுது இல்லைங்க. பல மெஷின்களில் ஜி0 கொடுத்தால் எக்ஸும் ஒய்யும் தன் தன் முழு வேகத்தில் கிளம்பும், ஒன்றுக்காக ஒன்று காத்திருக்காது. எக்ஸ் 150ம் ஒய் 50ம் போக வேண்டுமென்றால், ஒய் சீக்கிரம் முடித்துக்கொண்டு நின்றுவிடும், எக்ஸ் மட்டும் மிச்சத்தை ஓடும். முதலில் சாய்வு, பிறகு நேர். ரேப்பிடும் நேர்கோட்டில் போகும்படி செட்டிங் வைத்த மெஷினும் உண்டு. உங்களுடையது எப்படி என்று தெரிந்துகொண்டால் போதும். கிளாம்ப் போல்ட்டுகளுக்கு நடுவே ஜி0வில் நெளிந்து போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். முதலில் இசட்டை மேலே தூக்குங்கள், அப்புறம் எக்ஸ் ஒய்.

கேள்வி: ஜி90, ஜி91 இரண்டும் படித்தேன். பரீட்சையில் சரியாக எழுதிவிடுவேன். ஆனால் எப்போது எதைப் போடுவது என்று தெரியவில்லை அக்கா.
– மாணவி, பல்லடம்

தென்னங்கன்று நட்டதைப் பார்த்திருக்கிறாயா அம்மணி? எங்கள் அப்பா குழி வெட்ட அளக்கும்போது கிணற்று மேட்டில் ஒரு முளை அடித்து, கயிற்றின் ஒரு முனையை அதிலேயே கட்டிவிடுவார். முதல் குழி 25 அடி, இரண்டாவது 50 அடி, மூன்றாவது 75 அடி. எல்லாக் கணக்கும் அந்த முளையிலிருந்துதான். அது ஜி90. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒவ்வொரு குழியிலிருந்தும் அடுத்ததற்கு 25 அடி அளப்பார். அது ஜி91. ஜி90இல் ஒரு குழியைத் தப்பாகச் சொன்னால் அந்த ஒரு குழி மட்டும் தப்பு. ஜி91இல் மூன்றாவது குழியைத் தப்பாகச் சொன்னால் அதற்கப்புறம் உள்ள அத்தனை குழியும் நகர்ந்துவிடும்.

அதனால் எப்போதும் ஜி90. ஒரே இடைவெளியில் வரிசையாக ஓட்டை போடுவது, ஒரே வடிவத்தைப் பல இடத்தில் திருப்பி வெட்டுவது, இப்படி இருந்தால் மட்டும் ஜி91. வேலை முடிந்த அடுத்த வரியிலேயே ஜி90க்குத் திரும்பிவிடு.

அந்த அடுத்த வரியை நான் ஒருமுறை எழுதவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது, இரவு ஷிஃப்ட். ஒரு ஃப்ளேஞ்சில் 20 மி.மீ. இடைவெளியில் வரிசையாக ஓட்டை. ஜி91இல் எழுதியிருந்தேன், அழகாகப் போட்டது. கடைசி ஓட்டை எக்ஸ் 80இல். அடுத்து எக்ஸ் 100இல் ஒரு தனி ஓட்டை. ‘ஜி0 எக்ஸ்100.’ என்று எழுதிவிட்டேன். என் மனதில் ஜி90. மெஷினுக்கு இன்னும் ஜி91தான். 80இலிருந்து இன்னும் 100 போய் 180ஐப் பார்த்து ஓடியது. இசட் ஜாப்புக்கு 2 மி.மீ. மேலேதான் இருந்தது. வழியில் கிளாம்ப் போல்ட்டு.

சத்தம் கேட்டுப் பக்கத்து ஷெட்டிலிருந்து ஆள் ஓடி வந்தது. டிரில் போயிற்று, ஹோல்டர் வளைந்தது, ஜாப்பில் கோடு. முதலாளி வந்து பார்த்தார், திட்டவில்லை, ‘டீ குடிச்சியா அம்மணி?’ என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அன்றிலிருந்து நான் எழுதுகிற ஒவ்வொரு ப்ரோகிராமிலும், ஒவ்வொரு டூல் மாற்றத்துக்கு அப்புறமும் ஜி90 என்று மறுபடி எழுதிவிடுவேன். ஒரு வரி கூடுதல்தான், பரவாயில்லை. ரீசெட் பட்டனைத் தட்டினால் ஜி90க்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி உட்காராதே. செட்டிங்கைப் பொறுத்துச் சில மெஷின் வரும், சிலது வராது.

கேள்வி: வளைவு வெட்ட ஆர் போட்டாலே போதும் என்கிறார் எங்கள் சீனியர். ஐ, ஜே எதற்கு? எனக்கு அந்த மைனஸ் கணக்கு வரவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், ஈரோடு

இதற்குக் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்ல வேண்டும். முதலில் திசை. ஜி2, ஜி3 இரண்டும் வளைவாக வெட்டுகிற நடை. ஜி2 கடிகாரம் சுற்றுகிற பக்கம். பேரூர் கோயிலில் பிரகாரம் சுற்றுகிறோமே, அதை மேலே வானத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், அது ஜி2. நேர் எதிராக வந்தால் ஜி3. ஒரு உபரித் தகவல்: ஸ்பிண்டில் எம்3இல் சுற்றும்போது ஜாப்பின் வெளிப்பக்கத்தை ஜி2 திசையிலும், உள்குழியை ஜி3 திசையிலும் சுற்றினால் கிளைம்ப் மில்லிங் (டேபிள் நகர்கிற திசையிலேயே டூலின் பல் வெட்டுவது) ஆகும், மேற்பரப்பு பளிச்சென்று வரும். திருகாணி தேய்ந்த பழைய கை மெஷினில் பழகிய பெரியவர்கள் இதை வேண்டாம் என்பார்கள். அவர்கள் மெஷினுக்கு அது சரி, டேபிளை டூல் இழுத்துக்கொண்டு போய்விடும். வி.எம்.சி.யில் அந்தப் பயம் வேண்டாம்.

இப்போது ஐ, ஜே. எங்கள் வீட்டில் ஒரு மாடு இருந்தது. மேய்ச்சலுக்கு முளைக்குச்சி அடித்து நீளக் கயிற்றில் கட்டிவிடுவோம். கயிறு விறைப்பாக இருக்க அது மேய்ந்துகொண்டே நடந்தால் புல்லில் வட்டம் விழும். டூல்தான் மாடு. மாடு இப்போது நிற்கிற இடத்திலிருந்து முளைக்குச்சி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், இதைச் சொல்வதுதான் ஐயும் ஜேயும். எக்ஸ் பக்கம் எவ்வளவு என்பது ஐ. ஒய் பக்கம் எவ்வளவு என்பது ஜே. முளை வலப்பக்கம் இருந்தால் ஐ பிளஸ், இடப்பக்கம் இருந்தால் ஐ மைனஸ். முளை நமக்கு எட்ட இருந்தால் ஜே பிளஸ், கிட்ட இருந்தால் மைனஸ். உங்கள் மைனஸ் கணக்கு அவ்வளவுதான். ஜீரோ எங்கே என்பதை இதற்குள் கொண்டுவராதீர்கள், மாட்டிலிருந்து முளைக்கு மட்டும் பாருங்கள்.

ஆர் என்பது கயிற்றின் நீளம், அதாவது வளைவின் ஆரம். அதை மட்டும் சொன்னால் என்ன குறை? மாடு எக்ஸ்20 ஒய்0இல் நிற்கிறது, எக்ஸ்0 ஒய்20க்குப் போக வேண்டும், கயிறு 20. முளை எங்கே? 0,0இலும் இருக்கலாம், 20,20இலும் இருக்கலாம். இரண்டிலிருந்தும் இரண்டு புள்ளிக்கும் சரியாக 20தான். ஜி3இல் போனால், முளை 0,0 என்றால் கால் வட்டம். 20,20 என்றால் முக்கால் வட்டம். அதனால்தான் ஆர்20. என்றால் சின்ன வளைவு, ஆர்-20. என்றால் பெரிய வளைவு என்று வைத்திருக்கிறார்கள். ஐ, ஜேயில் இந்தக் குழப்பமே கிடையாது:

ஜி3 எக்ஸ்0 ஒய்20. ஐ-20. ஜே0 – கால் வட்டம்
ஜி3 எக்ஸ்0 ஒய்20. ஐ0 ஜே20. – முக்கால் வட்டம்

முழு வட்டத்துக்கு வந்தால் உங்கள் சீனியரின் ஆர் கையை விரித்துவிடும். கிளம்பிய இடத்துக்கே மாடு திரும்பி வருகிறது. கயிறு 20 என்று மட்டும் சொன்னால், முளை அதைச் சுற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இருக்கலாமே! எத்தனையோ வட்டம் வரும். மெஷின் எதை வெட்டும்? அதனால் முழு வட்டத்துக்கு ஐ, ஜே போட்டே ஆக வேண்டும்.

மூலை உருட்டுகிற சின்ன வளைவுக்கு நானும் ஆர்தான் போடுகிறேன். எழுத லேசு. ஆனால் வளைவு சரியாக வரவில்லை என்று யாராவது கூப்பிட்டால் முதல் வேலையாக அதை ஐ, ஜேயாக மாற்றி எழுதிப் பார்ப்பேன். கிளம்புகிற புள்ளியிலோ முடிகிற புள்ளியிலோ எண் தப்பி இருந்தால், ஐ, ஜே கணக்கு ஒத்துவராமல் பல மெஷின்கள் அலாரம் அடித்து நிறுத்திவிடும். ஆரோ, முடிந்த வரை ஏதோ ஒரு வளைவைப் போட்டுத் தள்ளிவிடும்.

கேள்வி: எக்ஸ்50 என்று தட்டினேன். டூல் அசையவே இல்லை, ஆனால் ‘முடிந்தது’ என்கிறது மெஷின்.
– வாசகர், சூலூர்

அசைந்திருக்கும், உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பல கன்ட்ரோலர்களில் புள்ளி வைக்காமல் எக்ஸ்50 என்றால் 50 மைக்ரான், அதாவது 0.05 மி.மீ. ‘எக்ஸ்50.’ என்று புள்ளி வைத்தால்தான் 50 மி.மீ. எக்ஸில் விட்டால் இப்படிச் சிரித்துவிட்டுப் போகலாம். வெட்டி முடித்து டூலைத் தூக்குகிற ‘இசட்50.’ வரியில் புள்ளியை விட்டால், டூல் ஜாப்புக்கு மேலே ஒரு தலைமுடி உயரத்தில் நிற்கும். அடுத்து ஜி0. வைஸில் ஜாப்பை விட உயரமாக எது இருந்தாலும் அதற்குக் கேடு. முதல் பீஸ் ஓட்டும்போது ரேப்பிடை 25 சதவீதத்தில் வைத்து, சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாகத் தட்டி, திரையில் இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி என்று காட்டுவதையும் கண்ணால் தெரிகிற இடைவெளியையும் ஒத்துப் பாருங்கள். திரையில் 40 பாக்கி, கண்ணுக்கு 10தான் தெரிகிறது என்றால் உடனே ஃபீட் ஹோல்ட் பட்டனைத் தட்டி நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கொடிசியா கண்காட்சியில் இந்த மெஷினைப் பார்த்தேன். இதை யார் கண்டுபிடித்தார்கள்? ஜி என்றால் என்ன?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், கோவை

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக்காரர் ஜான் பார்சன்ஸ். ஹெலிகாப்டர் இறக்கை செய்யப் போய், வளைவின் புள்ளிகளை எண்களாகக் கணக்குப் போட்டு வெட்டுகிற யோசனைக்கு வந்தார். 1949இல் அமெரிக்க விமானப்படை அதற்குப் பணம் கொடுத்தது. எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1952இல் முதல் மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். ப்ரோகிராம் காகித நாடாவில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஜி என்பதை ஜியாமெட்ரி என்று பலரும் சொல்வார்கள். தரநிலையில் அதற்குப் பெயர் தயார்ப்படுத்தும் கட்டளை. எப்படி நகர வேண்டும் என்று மெஷினைத் தயார் செய்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலைவு வடிவியல் வருமே கண்ணு, அதை நன்றாகப் படி. பாதி மெஷின் அதற்குள் இருக்கிறது.

கேள்வி: கம்ப்யூட்டரில் படம் போட்டால் சாஃப்ட்வேரே ஆயிரம் வரி எழுதித் தருகிறது. இதையெல்லாம் கையால் கற்பது வெட்டி வேலை இல்லையா?
– வாசகர், திருப்பூர்

ஆயிரம் வரியையும் நான் படிப்பதில்லைங்க. முதல் இருபது வரி, ஒவ்வொரு டூல் மாறுகிற இடம், கடைசிப் பத்து வரி, இவ்வளவுதான் பார்ப்பேன். ஜி54 எதிர்பார்க்கிற இடத்தில் ஜி55 (வேறொரு ஜீரோ) இருக்கிறதா, முதல் இசட் எவ்வளவு உயரத்துக்கு வருகிறது, ஜி43க்கு எச் எண் சரியா. இதைச் சாஃப்ட்வேர் பார்க்காது. அதற்கு உங்கள் வைஸ் எங்கே பூட்டியிருக்கிறது என்று நீங்கள் சொல்லியிருந்தால்தான் தெரியும், பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வெறும் ஒரு ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும் என்றால் மெஷின் முன் நின்று நாலு வரி தட்டிவிடுவேன். கம்ப்யூட்டர் அறைக்குப் போய் வருவதற்குள் டீ ஆறிவிடும்.

ஒரு திருத்தம்: போன இதழில் 40 மி.மீ. விட்ட முழு வட்டத்துக்கு எடுத்துக்காட்டு கொடுத்திருந்தேன். மையம் எக்ஸ்50 ஒய்25, கிளம்புகிற இடம் எக்ஸ்70 ஒய்25. அதில் ‘ஜி2 ஐ20.’ என்று அச்சாகிவிட்டது. ‘ஜி2 ஐ-20.’ என்று இருக்க வேண்டும், முளை இடப்பக்கம். அச்சானபடி வெட்டினால் வட்டம் வலப்பக்கம் போய் எக்ஸ்90ஐச் சுற்றும். கண்டுபிடித்து எழுதிய தாராபுரம், கோபி, மேட்டுப்பாளையம் வாசகர்கள் மூவருக்கும் நன்றி. தகட்டை வீணாக்கிய ஒருவர் போன் செய்தார். அவருக்கு ஒரு துண்டு அலுமினியம் எடுத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளலாம்.